மலையிறங்கிய ராஜா

உதகமண்டலத்துக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள். தாவரத் தோட்டத்தைப் பார்க்கிறார்கள். தொட்டபெட்டாவின் மேல் ஏறி மேகத்தைத் தரிசித்துவிட்டு, வர்க்கியும் தைலமும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். ஏரிக்கரையில் குழந்தைகளைச் சுமந்து செல்லும் குதிரைகளையும் பார்ப்பதுண்டு. ஆனால், அக்குதிரைகளுக்கு வயதானால் அவை எங்கே போகின்றன என்று கேட்பவர் அரிது. நானும் கேட்டதில்லை. சென்ற முறை அந்தக் கேள்வியே ஒரு லாரியின் மேல் ஏறிக்கொண்டு என்னுடன் பிரயாணம் செய்தது.

"அந்தியூருக்கு வண்டி போகிறது, நீரும் வரலாம். ஆனால் ராஜா ஒருவர் உடன் வருகிறார், சம்மதமா?" என்று லாரிக்கார நண்பர் கேட்டார். ராஜா என்பது குதிரையின் பெயர் என்று அப்பால்தான் தெரிந்தது.

ராஜாவுக்கு வயது இருபத்திரண்டு. அந்தியூர்க் குருநாதசுவாமி கோயிலில் ஆடி மாதம் திருவிழா நடக்குமே, அங்கே கூடும் சந்தையில் குட்டியாக வாங்கி மலைக்குக் கொண்டுவரப்பட்டவன். சாம்பல் நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. முன்னங்கால் மூட்டுகள் இரண்டும் புடைத்து, நடக்கும்போது தலை ஒவ்வோர் அடிக்கும் மேலும் கீழும் ஆடியது. "மூட்டுவாதம், ஐயா. இரண்டு வருஷமாகச் சவாரி இல்லை. விற்றுவிடு என்றார்கள். சிலர் கிழக் குதிரையை இரவில் தெருவில் அவிழ்த்து விட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. என் மூன்று பெண்களைப் படிக்க வைத்தவன் இவன்" என்றார் குதிரைக்காரர். சமவெளியில் அவருடைய மைத்துனருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அங்கே கொண்டு விடுவதென்று தீர்மானம்.

உதகையின் சரித்திரமே குதிரைக் குளம்பால் எழுதப்பட்டதுதான். 1819-ல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் இம்மலைக்கு வந்த காலத்தில் வண்டிப் பாதை ஏது? துரைமாரும் அவர்களுடைய மூட்டைகளும் குதிரை மேலும் மட்டக்குதிரை மேலும் மனிதர் தோள் மேலும்தான் ஏறின. 1899-ல் குன்னூருக்கும், 1908-ல் உதகைக்கும் ரயில் வந்தது; பின்பு மோட்டாரும் பெருகியது. குதிரைக்கு வேலை போய் வேடிக்கை ஒன்றே மிஞ்சியது. 1947-ல் நாடு விடுதலை பெற்றது. துரைமார் இறங்கிப் போனார்கள். குதிரையின் முதுகிலிருந்து மட்டும் நாம் இன்னும் இறங்கவில்லை.

குதிரையை வண்டியில் கொண்டுபோவதற்குச் சட்டம் உண்டு. 1978-ஆம் வருஷத்து விதிகளின்படி, பிரயாணத்துக்குத் தகுதியான தேகநிலை உண்டென்று கால்நடை வைத்தியரின் சான்றிதழ் வேண்டும். வைத்தியர் வந்து ராஜாவின் கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார், மடக்கினார், நடக்கவிட்டார். நெடுநேரம் பேசவில்லை. "நான்கு காலிலும் நிற்கிறான்; ஆகையால் எழுதித் தரலாம். மலைச்சரிவும் தார்ச் சாலையும் இவனுக்குத் தினமும் வதை. குளிரில் விறைப்பும் கூடுகிறது. கீழே போனால் சுகம் உண்டு; ஆனால் போய்ச் சேர வேண்டுமே! வழியில் விழுந்து எழ முடியாவிட்டால், வேதனையில்லாமல் முடித்து வைப்பதொன்றே வழி. அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்" என்றார். குதிரைக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புறப்படுவோம்" என்றார்.

விடியற்காலை நான்கு மணி. வலியுள்ள காலால் உயரமான பலகையில் ஏறச் சொல்வது தகாது. ஆகவே ஒரு மண்மேட்டோடு லாரியின் பின்புறத்தை ஒட்டி நிறுத்தினார்கள். மேடும் வண்டித் தளமும் சமமாயின. தளத்தில் மணலைப் பரப்பி, அதன்மேல் வைக்கோலைக் கனமாகப் போட்டிருந்தார்கள். ராஜா மூன்று முறை மூக்கால் மோந்தான். நான்காம் முறை தானாகவே நடந்து ஏறிவிட்டான்.

அவனை வண்டியின் பின்பக்கம் பார்த்து நிறுத்தியது எனக்கு விசித்திரமாயிருந்தது. வைத்தியர் சொல்லிக் கொடுத்த யுக்தியாம். குதிரையின் உடற்பாரத்தில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்களே தாங்குகின்றன. இறக்கத்தில் முன்பக்கம் பார்த்து நின்றால், பிரேக்கைப் போடும்போதெல்லாம் பாரம் இன்னும் முன்னங்கால்களில் சாயும். ராஜாவுக்கு நோய் அங்கேதான். திரும்பி நின்றாலோ அப்பாரத்தைப் பின்னங்கால்கள் ஏற்கும். கழுத்துக் கயிற்றையும் இறுக்கிக் கட்டவில்லை. நெடுநேரம் தலையை உயர்த்தியே நிற்கும் குதிரைக்குத் தூசியும் சளியும் வெளியேறாமல் நுரையீரல் கெடும். தலையைத் தாழ்த்த இடம் வேண்டும்.

குன்னூரைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. லாரி நடையாகவே இறங்கியது. பின்னால் வந்த கார்கள் ஊதி ஊதிச் சலித்தன. நண்பர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் குதிரைக்காரரும் பின்னால் நின்றோம். ஒவ்வொரு வளைவிலும் அவர், "ராஜா, வளைவு வருகிறது, காலை அகட்டிக்கொள்" என்று சொல்வார். சொன்னது புரிந்ததோ, குரல் மட்டும் போதுமானதோ, அவன் காலை அகட்டிக்கொண்டான்.

பர்லியாறு நெருங்குகையில் எதிரே ஒரு பஸ் திடீரென்று தோன்றியது. வண்டி குலுங்கி நின்றது. ராஜாவின் பின்னங்கால் வழுக்கி, முழங்காலை ஊன்றிச் சரிந்துவிட்டான். வைக்கோலில் அவன் மூச்சு சீறிய சப்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குதிரைக்காரர் கயிற்றை இழுக்கவில்லை. அவன் கழுத்தின் மேல் கை வைத்துச் சும்மா உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிஷம் சென்றிருக்கும். ராஜா முதலில் முன்னங்கால்களை நீட்டி ஊன்றினான், நடுங்கினான், பிறகு ஒரே மூச்சில் எழுந்துவிட்டான். எங்கள் மூவரில் யாரும் வாய் திறக்கவில்லை.

பர்லியாற்றில் மங்குஸ்தான் கடைகள் அப்போதுதான் திறந்தன. அங்கே அரை மணி நேரம் நின்றோம். ராஜா ஒரு வாளித் தண்ணீர் குடித்தான். கல்லாற்றுப் பாக்குத் தோப்புகள் வந்ததும் காற்று வெதுவெதுப்பாயிற்று. மேட்டுப்பாளையத்திலும் சத்தியமங்கலத்திலும் மீண்டும் நிறுத்தி இளைப்பாற்றினோம். சுமார் 150 கிலோமீட்டர் தூரம். பிற்பகலில் அந்தியூரை அடைந்தோம்.

மறுநாள் காலை பார்த்தபோது ராஜாவின் கால்கள் மரக்கட்டைபோல் விறைத்திருந்தன. இதற்கு அஞ்ச வேண்டாம் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். கொட்டிலில் கட்டிப்போட்டால்தான் மூட்டு மேலும் இறுகும். மெல்ல நடத்த வேண்டும். உழுத மண்ணில் அரை மணி நடந்தபின் தலையாட்டம் பாதியாய்க் குறைந்தது. மைத்துனருக்குக் குதிரைக்காரர் பாடம் சொன்னார்: "மாமா, அவனைச் சதை போடவிடாதீர்கள், பாரம் கூடினால் வலியும் கூடும். ஆறு வாரத்துக்கொருமுறை குளம்பைச் செதுக்க வேண்டும். மாத்திரையை வைத்தியர் சொன்ன அளவுக்குமேல் கொடுக்காதீர்கள், வயிற்றில் புண்ணாகிவிடும். பல் தேய்ந்துபோயிற்று, தவிட்டை நனைத்து வையுங்கள்."

இந்நோய் தீராது. தேய்ந்த மூட்டு மறுபடியும் வளராது. மிஞ்சிய நாட்களைப் பொறுக்கத் தக்கதாகச் செய்யலாம், அவ்வளவே. இருந்தும் அன்று மாலை ராஜா மண்ணில் படுத்துப் புரண்டு, உதவியின்றித் தானே எழுந்து உடலை உதறினான். குதிரைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, அவனிடம் சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறிவிட்டார். சொல்லிக்கொண்டால் பின்னால் வந்துவிடுவானாம்.

அடுத்த முறை உதகை ஏரிக்கரையில் உங்கள் குழந்தை குதிரை வேண்டுமென்று கேட்டால், முதலில் அதன் கால்களைப் பாருங்கள். பின்னங்காலொன்றைத் தளர்த்தி நிற்பது குதிரைக்கு இயல்பு. முன்னங்காலை முன்னே நீட்டி, அதன்மேல் பாரம் வைக்காமல் நின்றால் அது வலி. அக்குதிரையில் ஏற வேண்டாம். சவாரிப் பணத்தை மட்டும் குதிரைக்காரரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். வைத்தியரைக் கூப்பிட அது உதவும்.