வீட்டைச் சுமந்து சென்ற கப்பல்

வீடு மாறுவதென்றால் என்னவென்று நமக்குத் தெரியும், சகோதரிகளே! பீங்கான் கோப்பைகளைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, அலுமாரியை வெறுமையாக்கி, எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிவிட்டுச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்போம். ஆனால் சாமான்களோடு சேர்த்து வீட்டையே தூக்கிக்கொண்டு போனால் எப்படியிருக்கும்? 2011ஆம் ஆண்டில் நமது அயல் நாடான மாலைதீவில் அப்படித்தான் நடந்தது. தூக்கிச் செல்லப்பட்டவை கடலில் மிதந்த வீடுகள். தூக்கிச் சென்றது சரக்குக் கப்பல்.

கடலே முற்றமாக

காலித் துறைமுகத்தில் வெள்ளை நிறப் பாய்மரப் படகுகள் வந்து நிற்பதைச் சிலவேளை கண்டிருப்பீர்கள். பணக்காரரின் விளையாட்டுப் பொருள் என்று நினைத்திருப்பீர்கள். சில படகுகள் அப்படித்தான். ஆனால் பத்துப் பன்னிரண்டு மீற்றர் நீளமான சிறு படகுகள் பலவற்றில் குடும்பங்கள் வாழ்கின்றன. ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும், சிலவேளை பள்ளிப் பிள்ளைகளோடு தாய் தந்தையரும் ஊரிலுள்ள வீட்டை விற்றுவிட்டு உலகைச் சுற்றப் புறப்பட்டவர்கள். நாலடி இடத்தில் ஒரு குசினி. அலையில் படகு சரிந்தாலும் சட்டி கவிழாதிருக்க, தொட்டிலைப் போல ஆடும்படி தொங்கவிட்ட அடுப்பு. பிள்ளைகளின் பாடப்புத்தகமும் மருந்துப் பெட்டியும் அதற்குள்ளேதான்.

இவர்களுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. வருடத் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து புறப்பட்டு இலங்கையையோ மாலைதீவையோ அடைவார்கள். வாடைக்காற்று வீசும்போதே அரபிக்கடலைக் கடந்து, செங்கடல் வழியாக மேலேறி, சூயஸ் கால்வாயைத் தாண்டி மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்துவிட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அந்தக் கடலில் சிறு படகுக்கு இடமில்லை. ஆகவே நின்று யோசிக்க அதிக நாட்கள் கிடையாது.

மாலே நகரை எண்ணிப் பாருங்கள். சுமார் இரண்டு சதுர கிலோமீற்றர் தீவில் இலட்சத்துக்கும் அதிகமான மக்கள். 1984இல் திறக்கப்பட்ட இஸ்லாமிய நிலையத்தின் பொன்னிறக் குவிமாடம் கடலிலிருந்தே தெரியும். 1658இல் முருகைக்கல்லைச் செதுக்கிக் கட்டிய பழைய ஜும்ஆப் பள்ளிவாசலும் அங்கேதான். அந்தத் தீவின் அருகே 2011இன் தொடக்கத்தில் நங்கூரமிட்டிருந்த படகுகளில் ஒரே கேள்விதான் பேசப்பட்டது: முன்னே போவதா, இல்லையா?

கண்ணீர் வாசல்

செங்கடலின் தெற்கு வாயிலுக்குப் பாபுல் மந்தப் என்று பெயர். கண்ணீர் வாசல் என்று அந்த அறபுச் சொல்லுக்குப் பொருள் சொல்வார்கள். அந்த ஆண்டுகளில் வாசலை அடையும் முன்பே கண்ணீர் காத்திருந்தது. சோமாலியாவின் கடற்கொள்ளையர்கள் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தூரத்துக்கு வந்து கப்பல்களை மடக்கினார்கள்.

2009 ஒக்டோபரில் சீஷெல்ஸ் தீவுகளிலிருந்து புறப்பட்ட பிரித்தானியத் தம்பதியரைப் பிடித்துச் சென்று, ஒரு வருடத்துக்கு மேல் சோமாலியாவில் வைத்திருந்து, 2010 நவம்பரில்தான் விடுவித்தார்கள். 2011 பெப்ரவரி 18இல் ஓமான் நாட்டுக்கு அப்பால் ஓர் அமெரிக்கப் படகு பிடிபட்டது. நான்கு நாட்களில் அதிலிருந்த நால்வரும் கொல்லப்பட்டார்கள். அந்தத் துக்கச் செய்தி ஆறுமுன்னே, பெப்ரவரி 24இல், மாலைதீவிலிருந்து போய்க்கொண்டிருந்த டென்மார்க் குடும்பமொன்று பிடிபட்டது. தாய், தந்தை, மூன்று பிள்ளைகள், உதவிக்கு வந்த இருவர். செப்டெம்பர் மாதம்தான் அவர்கள் விடுதலையானார்கள்.

அந்தத் தாயின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். பாய்மரப் படகு ஒரு மணித்தியாலத்தில் ஐந்து, ஆறு கடல் மைல் ஓடும். கொள்ளையரின் இயந்திரப் படகோ அதைப்போல நான்கு மடங்கு வேகத்தில் வரும். ஓடித் தப்ப முடியாது. படகின் விளிம்போ நீர்மட்டத்திலிருந்து ஒரு மீற்றர்தான். காலை எடுத்து வைத்தால் உள்ளே வந்துவிடலாம்!

சிலர் தாய்லாந்துக்குத் திரும்பினார்கள். சிலர் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றும் நெடும்பாதையைத் தேர்ந்தார்கள். வேறு சிலர் ஒன்றுசேர்ந்து, படகுகளை ஏற்றிச் செல்லச் சரக்குக் கப்பல் பேசிக்கொண்டார்கள். ஏற்றுமிடம் மாலே, இறக்குமிடம் துருக்கியிலுள்ள மர்மரிஸ். இத்தகைய பயணத்துக்குப் படகின் நீள அகல உயரம் பார்த்தே கட்டணம் கணக்கிடுவார்கள். சிறிய தொகையல்ல அது. ஆனால் எதிர்த் தட்டில் இருந்தது உயிர் அல்லவா?

அந்தரத்தில் ஒரு படகு

படகைக் கப்பலில் ஏற்றுவது சும்மா காரியமல்ல. முதலில் வீட்டுக்காரியின் வேலைதான். குளிர்சாதனப் பெட்டியை வெறுமையாக்க வேண்டும்; வழியில் மின்சாரம் இருக்காது. தண்ணீர்த் தாங்கியின் பாரத்தைக் குறைக்க வேண்டும். சமையல் வாயுக் கொள்கலனைக் கழற்ற வேண்டும். கோப்பை, கரண்டி, புத்தகம் எதுவும் உருளாதபடி பொதி செய்ய வேண்டும். பாய்களைக் கழற்றி மடித்து உள்ளே வைக்க வேண்டும்.

பிறகு படகு கப்பலின் பக்கத்தில் வந்து ஒட்டி நிற்கும். கப்பலின் பாரந்தூக்கியிலிருந்து இரண்டு அகலமான பட்டிகள் இறங்கும். குழந்தையை இரு கைகளில் ஏந்துவதைப் போல, முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக அவை படகின் அடியில் செல்ல வேண்டும். சுக்கானையோ சுழல்விசிறித் தண்டையோ பட்டி நெரித்துவிடாதபடி சுழியோடி நீருக்குள் போய்ப் பார்ப்பான். பாய்மரத்தைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் கம்பியைக் கழற்றிவிடுவார்கள். இல்லாவிட்டால் பாரந்தூக்கியின் கொக்கியில் சிக்கும். எல்லாம் சரியென்றதும் படகு நீரைவிட்டு எழும். அடியிலிருந்து தண்ணீர் வழிய, பத்து, பதினைந்து தொன் எடையுள்ள வீடு வானத்தில் தொங்கும்!

கப்பலின் தளத்தில் அதற்கென ஒரு தாங்கி தயாராக இருக்கும். முழுப் பாரமும் அடியிலுள்ள முதுகெலும்பு போன்ற கட்டையில் இறங்க வேண்டும். பக்கத்துத் தாங்குகால்கள் சரியாமல் பிடிக்க மட்டுமே. அவையும் உள்ளே குறுக்குச் சுவர் உள்ள உறுதியான இடத்தில்தான் முட்ட வேண்டும். பிறகு தாங்கியைத் தளத்தோடு உருக்கி ஒட்டி, நாலாபுறமும் பட்டிகளால் இறுக்குவார்கள். பெரும்பாலும் படகுக்காரர்கள் அதே கப்பலில் போவதில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு விமானமேறி, அக்கரையில் காத்திருப்பார்கள்.

மூழ்கி எழும் கப்பல்

இதைவிட ஆச்சரியமான முறையும் உண்டு. படகுகளை ஏற்றுவதற்கென்றே மூழ்கும் கப்பல் கட்டியிருக்கிறார்கள்! துறைமுகத்தில் அது தன் தாங்கிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். தளம் மெல்ல நீருக்கடியில் இறங்கும். படகுகள் தாமாகவே ஓடிவந்து உள்ளே நின்றுகொள்ளும். சுழியோடிகள் ஒவ்வொன்றுக்கும் முட்டுக்கொடுப்பார்கள். பிறகு நீரை இறைத்து வெளியேற்ற, கப்பல் எழும். படகுகள் உலர்ந்த தளத்தில் வரிசையாக நிற்கும். 2007இல் கட்டிமுடிக்கப்பட்ட யொட் எக்ஸ்பிரஸ் 209 மீற்றர் நீளமானது. 2022இல் வந்த யொட் சேர்வன்ட் அதைவிடச் சற்றுப் பெரிது.

இதே உத்தியில் போர்க்கப்பலையும் சுமக்கலாம். 2000 ஒக்டோபரில் ஏடன் துறைமுகத்தில் குண்டுவெடிப்பில் 17 மாலுமிகளை இழந்து, விலா பிளந்து நின்ற அமெரிக்கக் கப்பலான கோலை, புளூ மார்லின் என்ற நோர்வேக் கப்பல் முதுகில் ஏற்றி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போய் டிசம்பரில் அமெரிக்காவில் சேர்த்தது.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? உண்டு. 2019 மே மாதம், கரிபியன் தீவிலிருந்து இத்தாலிக்கு ஏற்றிச் சென்ற மை சோங் என்ற சுமார் 40 மீற்றர் நீளமான படகு, தாங்கி முறிந்து மத்தியதரைக் கடலில் விழுந்தது. எத்தனையோ பந்தயக் கடல்களைக் கண்ட படகு, பயணியாகப் போனபோது அழிந்தது! தாங்கியும் கட்டும் சரியாக இருந்தால்தான் சுமப்பவனை நம்பலாம்.

அக்கரையில்

மர்மரிஸ் பைன் மரங்கள் அடர்ந்த குன்றுகளுக்கிடையே, வாசல் குறுகிய குடாவினுள் இருக்கும் ஊர். ரோட்ஸ் தீவின்மீது படையெடுத்த உஸ்மானிய சுல்தான் சுலைமான், 1522இல் திருத்திக் கட்டிய கோட்டை இன்றும் கரையில் நிற்கிறது. படகுகள் நீரில் இறங்கியது அந்த ஊரில்தான். பாய்களைத் திரும்பப் பூட்டி, பொதிகளை அவிழ்த்து, அடுப்பை மூட்டினால் வீடு மீண்டும் வீடாகிவிடும்.

பின்னர் கொள்ளை தணிந்தது. இந்து சமுத்திரத்தில் வரையறுத்திருந்த அபாய வலயத்தைக் கப்பல் துறையினர் 2023 ஜனவரி முதலாம் திகதியுடன் நீக்கினார்கள். அதே வருடம் நவம்பரில் செங்கடலில் கலக்ஸி லீடர் என்ற கப்பல் கைப்பற்றப்பட, பழைய கேள்வி மீண்டும் எழுந்தது.

சொந்தப் பாயை விரித்து, சொந்தக் காற்றில் உலகைச் சுற்றுவேன் என்று புறப்பட்டவருக்கு, படகை இன்னொரு கப்பலின் முதுகில் ஏற்றுவது மனவருத்தமாகத்தான் இருந்திருக்கும். வழியில் பாதி விட்டுவிட்டான் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும்! நம் வீடுகளிலும் இப்படித் தருணங்கள் வருகின்றன. நானே சுமப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கும் ஆண்களும் இருக்கிறார்கள், நம்மிலும் இருக்கிறோம். பாதுகாப்பாகச் சுமக்க ஒருவர் இருக்கும்போது தோள் மாற்றிக்கொள்வது தோல்வியல்ல, சகோதரிகளே. பிள்ளைகள் முழுதாகக் கரை சேர வேண்டும். எந்தக் கப்பலில் சேர்ந்தார்கள் என்று அவர்கள் ஒருநாளும் குறைசொல்லப் போவதில்லை.