காலனி

திருநெல்வேலியில் என்.ஜி.ஓ. காலனி இருக்கிறது. அந்த என்.ஜி.ஓ. தொண்டு நிறுவனம் அல்ல, கெஜட் பதவி இல்லாத அரசு ஊழியர். சென்னையில் போஸ்டல் காலனி, ஏ.ஜி.எஸ். காலனி. அங்கே குடியிருக்கிறவர் கல்யாணப் பத்திரிகையிலேயே அந்த விலாசத்தை அச்சடிப்பார். கூச்சமில்லை.

எங்கள் தென்காசிப் பக்கம் அதே சொல் வேறு. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் எந்த ஊர் என்பார். சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "ஊருக்குள்ளயா, காலனியா?" சாதியை வாய்விட்டுக் கேட்க வேண்டியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் என் பேரை ஆஜர் எடுக்கும்போது மட்டுந்தான் சொல்வார். மற்ற நேரமெல்லாம் "ஏலே காலனி"தான். இந்தியா வெள்ளைக்காரனுக்குக் காலனியாக இருந்து 1947இல் விடுதலை அடைந்தது என்று பாடம் நடத்தியதும் அவர்தான். நாங்க மூணு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டோம்.

சொல்லின் வேர் லத்தீன். கொலோனுஸ் என்றால் நிலத்தை உழுகிறவன். அப்படிப் பார்த்தால் பேர் பொருத்தந்தான். குற்றாலத்திலிருந்து இறங்கும் சிற்றாற்றுத் தண்ணீரில் நாற்று நட்டது எங்கம்மா, அறுத்தது எங்கப்பா. பட்டா மட்டும் வேற ஆள் பேருல.

அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் காந்தி 1930களில் பரப்பிய 'ஹரிஜன்' என்ற பேரும் மரியாதைக்கென்று வந்ததுதான். அதுவும் ஏச்சாகிப்போச்சு. பஸ்ஸில் கேட்கிற கேள்வி அப்படியே இருந்தால் புதுப்பேருக்கும் அதே கதிதான். பேரை மாத்துங்க. கூடவே பட்டாவையும் குடுங்க, சுடுகாட்டுப் பாதையையும் தொறந்துவிடுங்க.