கழற்றப்பட்ட கம்பி



நம்முடைய சபையின் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும், விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பழைய இயங்குதளத்தில் மட்டுமே ஓடக்கூடிய ஒரு மென்பொருளில் ஏற்றப்பட்டவை. அந்த விண்டோஸுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2014 ஏப்ரலோடு நின்றுபோயிற்று. பிறகு அதைத் தாங்கியிருந்த கணினியும் ஓய்ந்துவிட்டது. ஆகவே, அலுவலகத்திலுள்ள புதிய கணினிக்குள்ளேயே விர்ச்சுவல் பாக்ஸ் என்னும் மென்பொருளைக் கொண்டு ஒரு பழைய கணினியை நம் வாலிபர் ஒருவர் அமைத்துக் கொடுத்திருக்கிறார். மெய்நிகர் கணினி என்று இதற்குப் பெயர். திரையில் ஒரு ஜன்னலுக்குள் பழைய விண்டோஸ் முழுமையாக ஓடிக்கொண்டிருக்கும். தான் ஒரு தனிக் கணினி என்றே அது எண்ணிக்கொள்ளும். ஆனால் அதற்கென்று சொந்தமாக ஒரு கம்பிகூடக் கிடையாது. தாங்குகிற கணினியை ஹோஸ்ட் என்றும், உள்ளே தங்குகிறதை கெஸ்ட் என்றும் அத்துறையினர் அழைக்கிறார்கள். வீட்டுக்காரர், விருந்தாளி என்று நாம் வைத்துக்கொள்வோம்.

சென்ற மாதம் இந்த விருந்தாளிக்கு வெளித்தொடர்பு அற்றுப்போயிற்று. வெளிநாட்டில் திருமணம் நிச்சயிக்கப்பட்ட நம் சபையின் மகள் ஒருத்திக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் அவசரமாகத் தேவைப்பட்ட வாரம் அது. பதிவு திரையில் தெரிகிறது. அடுத்த அறையிலிருக்கும் அச்சுப்பொறிக்கு மட்டும் போகவில்லை. அலுவலகத்தில் கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வைரஸ் என்றார் ஒருவர். அச்சுப்பொறிதான் பழுது என்றார் மற்றொருவர். இவ்வளவு பழையதைக் கட்டிக்கொண்டு அழுவதே தவறு என்று தீர்ப்பளித்தவரும் உண்டு.

வாலிபர் வந்தார். அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. "ஐயா, எதுவரைக்கும் போகுது, எங்கே நிக்குதுன்னு முதல்ல பார்ப்போம்" என்றார்.

முதலில் வீட்டுக்காரரைச் சோதித்தார். புதிய கணினியில் இணையம் நன்றாகவே இருந்தது. பின்னர் விருந்தாளிக்குள் சென்று, 127.0.0.1 என்னும் முகவரிக்கு ஒரு சிறு செய்தி அனுப்பினார். உடனே பதில் வந்தது. 'வேலை செய்கிறதே!' என்று மகிழ்ந்தோம். அவர் சிரித்துவிட்டு, "இது தன்கிட்ட தானே பேசிக்கிற முகவரி ஐயா. எந்தக் கம்பியும் இல்லாட்டியும் பதில் வரும்" என்றார். லூக்கா 18ஆம் அதிகாரத்துப் பரிசேயன் அந்த நிமிடமே என் நினைவுக்கு வந்தான். தேவாலயத்தில் நின்று, தன் உபவாசங்களையும் தசமபாகங்களையும் தனக்கே எண்ணிக் காட்டிய மனிதன். அவனுடைய ஜெபத்தில் ஒரு தடங்கலும் இருந்திருக்காது. அனுப்பியது அத்தனையும் அவனிடமே பத்திரமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அடுத்து, விருந்தாளிக்கு என்ன முகவரி கிடைத்திருக்கிறது என்று பார்த்தார். 169.254 என்று தொடங்கும் ஒரு எண் தெரிந்தது. வழக்கமாக, அலுவலகத்து ரௌட்டர்தான் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரியை வழங்கும். கேட்டுக் கேட்டும் ஒருவரும் வழங்காதபோது, கணினி தானாகவே இப்படி ஒன்றைச் சூட்டிக்கொள்ளுமாம். ஆக, இது கேட்டிருக்கிறது. கேட்டது யாருடைய காதிலும் விழவில்லை.

காரணம் அதற்குப் பிறகுதான் வெளிப்பட்டது. விருந்தாளியைப் பாலம் என்னும் முறையில் இணைத்திருந்தார்கள். அம்முறையில், வீட்டுக்காரரின் குறிப்பிட்ட ஒரு வலையட்டையைத் தேர்ந்தெடுத்து, அதன் வழியாகவே விருந்தாளி வெளியே போகும்படி கட்டிவைப்பார்கள். முன்பு அலுவலகத்தில் இணையம் கம்பி வழியாக வந்தது; கம்பி செருகிய அட்டையோடு இதைக் கட்டியிருந்தார்கள். இவ்வாண்டு வைஃபை வந்தபோது அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டார்கள். வீட்டுக்காரர் புதிய வழியைக் கண்டுகொண்டார். விருந்தாளியோ கழற்றப்பட்ட கம்பியின் வழியாகவே இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்தது. அதனிடத்தில் பழுதில்லை. அச்சுப்பொறியிலும் பழுதில்லை. வைரஸும் இல்லை.

இதைக் கேட்டபோது நம் சபையின் சகோதரர் ஒருவரை நினைத்துக்கொண்டேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யாரென்று யாரும் தேட வேண்டாம்.

மனைவியை இழந்து மாதங்கள் ஆகின்றன. "ஜெபிக்க முடியவில்லை ஐயா, சுவரோடு பேசுவது போலிருக்கிறது" என்றார். அதற்கு முன்பே அவரைச் சந்தித்த சிலர், மறைவான பாவம் இருக்கிறதா என்று ஆராயச் சொல்லியிருக்கிறார்கள். விசுவாசக் குறைவு என்றும் சொல்லியிருக்கிறார்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் வாய்திறவாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளில் அவர்கள்மேல் குற்றமில்லை. பேசத் தொடங்கிய பின்புதான் எல்லாம் கெட்டது. நம்மில் சிலர் அந்த ஏழு நாளையும் தாண்டிக் குதித்து, நேரே பேச்சுக்கு வந்துவிடுகிறோம்.

நான் அவரிடம் கிட்டத்தில் இருப்பவற்றைக் கேட்டேன். தூங்குகிறீர்களா? யார் சமைக்கிறார்கள்? இதெல்லாம் ஆவிக்குரிய கேள்விகளா என்று தோன்றலாம். சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாவை வேண்டிய எலியாவுக்கு, கர்த்தர் முதலில் அனுப்பியது உபதேசத்தை அல்ல, அடையும் தண்ணீரும். அதுவும் இரண்டு முறை, நடுவில் தூக்கத்தோடு. ஓரேப் மலையின் உரையாடல் அதற்கும் நாற்பது நாள் கழித்துத்தான்.

பேச்சு வளர்ந்தபோது அவர் ஒன்றைச் சொன்னார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதிகாலை ஐந்து மணிக்கு இருவரும் முழங்காற்படியிடுவார்களாம். தொடங்குவது எப்போதும் அந்த அம்மையார்தான். அவர் ஒரு பாமாலையை மெல்லிய குரலில் எடுப்பார், பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லுவார், இவர் பின்தொடர்வார். "நானாகத் தொடங்கியதே இல்லை ஐயா" என்றார். இப்போதும் ஐந்து மணிக்கு முழங்காற்படியிடுகிறார். அந்தக் குரல் எடுத்துக்கொடுக்கும் என்று காத்திருக்கிறார். அது வருவதில்லை.

அவருடைய விசுவாசம் எங்கும் போய்விடவில்லை. அது ஒரு குரலோடு கட்டப்பட்டிருந்தது. அந்தக் குரலைக் கர்த்தர் எடுத்துக்கொண்டார். அப்படிக் கட்டியிருந்ததில் தவறேதும் இருப்பதாக நான் எண்ணவில்லை. இல்லறத்தில் அதைவிடச் சிறந்த கட்டு எது?

வாலிபர் செய்த மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பாலத்தை எடுத்துவிட்டு நேட் என்னும் முறைக்கு மாற்றினார். இம்முறையில் விருந்தாளியின் முகவரி வெளியில் யாருக்கும் தெரியாது. அது அனுப்பும் செய்தியை வீட்டுக்காரர் வாங்கி, தம்முடைய முகவரியிலிருந்து அனுப்புகிறார். பதிலும் அவர் முகவரிக்கே வருகிறது. கேட்டது யார் என்பதை நினைவில் வைத்திருந்து உள்ளே சேர்ப்பிக்கிறார். வீட்டுக்காரர் கம்பியில் இருந்தாலும் வைஃபையில் இருந்தாலும் விருந்தாளிக்குக் கவலையில்லை. மாற்றியவுடன் 10.0.2.15 என்னும் முகவரி வந்தது. சான்றிதழும் அச்சானது. பழைய விண்டோஸில் இணையதளம் எதையும் திறக்கவே கூடாது என்று கட்டளையிட்டுவிட்டு வாலிபர் புறப்பட்டார்.

இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் என்று ஒவ்வொரு ஜெபத்தின் முடிவிலும் சொல்லுகிறோமே, அதற்கு இதைவிடத் தெளிவான உவமை எனக்கு அண்மையில் கிடைக்கவில்லை. நம் பெயரில் அல்ல, அவர் பெயரில் போகிறது. நமக்காகப் பரிந்து பேச அவர் எப்போதும் உயிரோடிருக்கிறார் என்று எபிரெயர் நிருபத்தின் 7ஆம் அதிகாரம் போதிக்கிறது. ஆனால் உவமை ஓரிடத்தில் நொண்டுகிறது. கேட்கத் தொடங்காத விருந்தாளிக்காக எந்தக் கணினியும் எதையும் அனுப்பாது. வார்த்தையே எழும்பாதவனுக்காக ஆவியானவர் பெருமூச்சுகளோடு வேண்டுகிறார் என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறார். எந்த இயந்திரத்திலும் நான் காணாத ஏற்பாடு அது.

அந்தச் சகோதரரிடம், "நீங்கள் தொடங்க வேண்டாம், செவ்வாய்க்கிழமை அதிகாலை ஜெபத்திற்கு வந்து உட்கார்ந்தால் போதும்" என்று சொன்னேன். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் நாலுபேர் சுமந்துவந்த திமிர்வாதக்காரன் வழியில் ஒரு வார்த்தை பேசியதாக எழுதப்படவில்லை. சகோதரர் வருகிறார். கடைசி பெஞ்சில், தூணுக்குப் பக்கத்தில் அமர்கிறார். ஐந்து வாரங்களாகிவிட்டன. அவர் இன்னும் வாய்திறந்து ஜெபிக்கவில்லை. செவ்வாய் ஜெபத்தை நடத்துகிற சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: முடிவு ஜெபத்திற்கு அவரை அழைக்காதீர்கள். பாடலை மட்டும் சற்று மெதுவாகத் தொடங்குங்கள்.