சோலைவரியும் மேல்மாடி அறையும்

கம்பஸைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் வீடுகள் மேல்நோக்கி வளர்கின்றன. பழைய ஓட்டு வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடி, அற்றாச் பாத்ரூம், வெளியால ஏற ஒரு படி. அந்த அறைகளில்தான் நாங்கள் போடிங் இருக்கிறோம். இந்த வருஷம் ஆளுக்கு ஆயிரம் ரூபா கூட்டினார்கள். "சோலைவரி கூடிட்டுது பிள்ளையள்" என்றார் வீட்டுக்கார அன்ரி. நாங்கள் நாலு பேர், மாதம் நாலாயிரம். வரி அவ்வளவு கூடுமா?

வீடு கட்டச் செலவான காசையோ வீட்டுக்காரரின் வருமானத்தையோ இந்த வரி பார்ப்பதில்லை. வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்பதுதான் கணக்கு. அதற்குப் பெயர் ஆண்டுப் பெறுமதி. அதில் சபை தீர்மானிக்கும் வீதமே வரி. திருத்த வேலைகளை உரிமையாளரே செய்வார் என்று வைத்துத்தான் அந்த வாடகையைக் கணிக்கிறார்கள். அதனால் ஒழுகுற ஓட்டை மாத்துவது வேறு, புதிதாக ஒரு அறை எழுப்புவது வேறு. அறை கூடினால் வாடகை கூடும், பெறுமதியும் கூடும்.

மாடியால் ஆண்டுப் பெறுமதி 120,000 ரூபா உயர்ந்தது, வரி வீதம் 10% என்று வைப்பம். வருடத்துக்கு 12,000 கூடும், மாதம் 1,000. நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 250. மிச்சம் 750 வரி இல்லை. சீமெந்து விலை, வங்கிக் கடன் எல்லாம் இருக்கும்தான். அதைச் சொன்னால் எங்களுக்கும் விளங்கும். வரியைக் காரணம் சொன்னால், பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக்குறைவு இல்லை.

ஆனால் இதே கணக்கு இன்னொரு வீட்டில் வேறுமாதிரி வலிக்கும். வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய காசில் மேல்மாடி கட்டி, கீழே தனியாக இருக்கும் அம்மாக்கள் எங்கட ஊர்களில் எத்தனை பேர்! ஒரு சதம் வாடகை வராது. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, வாடகைக்கு ஆள் இல்லாத காலத்துக்காகப் பெறுமதியில் எதுவும் குறைக்க மாட்டார்கள். இல்லாத வாடகைக்காரருக்கும் சேர்த்து அந்த அம்மாதான் வரி கட்ட வேண்டும்.

ஆகவே மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால் அலுமாரிக்குள் வைக்க விடாதேயுங்கோ. வாசித்துக் காட்டுங்கோ. பெறுமதி அநியாயம் என்றால் அதில் குறித்த திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். ஜனவரி 31க்கு முன் முழு வருட வரியையும் கட்டினால் 10% கழிவும் உண்டு.