ஐயர் வீட்டில் பிரிக்காமல் கிடந்த பத்திரிகைகள்

கொஞ்சம் நீளமான பதிவு. சுகர் இருக்கிறவங்களும், வீட்ல சுகர் இருக்கிற அப்பா அம்மா உள்ளவங்களும் பொறுமையா படிங்க.

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கிறேன். எட்டு வருடமாக என்னிடம் சுகருக்கு வரும் ஓய்வுபெற்ற லுத்தரன் போதகர் ஒருவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். ஊரே அவரை "ஐயர்" என்றுதான் கூப்பிடும். வெளியூர் நண்பர்கள் குழம்ப வேண்டாம், லுத்தரன் சபைகளில் போதகரை ஐயர் என்பதும் அவர் மனைவியை ஐயரம்மா என்பதும் பழைய வழக்கம்.

ஐயர் கிளினிக்குக்கு வந்தால் கையில் மருந்துச்சீட்டு இருக்கோ இல்லையோ, ஒரு மஞ்சப்பை இருக்கும். அதற்குள் குறைந்தது நாலு பத்திரிகை. ஒன்று சபைப் பத்திரிகை, ஒன்று விவசாயப் பத்திரிகை, ஒரு வார இதழ், ஆங்கிலத்தில் ஏதாவது ஒன்று. டோக்கன் நம்பர் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே படிப்பார். நம்பர் கூப்பிட்டால்கூட, "இந்தப் பத்தி முடியட்டும் தம்பி, அடுத்தவரைப் பாருங்க" என்பார். டாக்டரைக் காக்க வைத்த ஒரே பேஷன்ட் அவர்தான்.

திங்கட்கிழமை அவருடைய முழுநாள் வாசிப்பு. ஞாயிறு ஆராதனை முடிந்த மறுநாள் போதகர்களுக்கு ஓய்வுநாள் மாதிரி, அந்தப் பழக்கம் ஓய்வுபெற்ற பிறகும் விடவில்லை. எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் முதலில் வாசகர் கடிதம். "தலையங்கம் எழுதுறவருக்குச் சம்பளம் வருது. கடிதம் எழுதுறவன் கைக்காசு போட்டு ஸ்டாம்பு ஒட்டியிருக்கான். அவனுக்கு வயிறு எரிஞ்சிருக்கு, அதான் எழுதுறான்" என்று காரணம் சொன்னார். படித்து முடித்ததை வீட்டில் அடுக்கி வைக்க மாட்டார். அட்டையில் பென்சிலால் நாலு பேர் குறிப்பார். வாத்தியார், டெய்லர், போஸ்ட்மாஸ்டர், சில மாதங்களில் நான். படித்தவர் தன் பெயரை அடித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். என் பெயரில் வந்து என் மேஜையிலேயே தங்கிப்போன இதழ்கள் நிறைய, அதை அவரும் கவனித்திருக்கிறார்.

விவசாயப் பத்திரிகை எதற்கு ஐயா என்று ஒருமுறை கேட்டேன். அவருக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. "சபையில பாதிப்பேர் மரவள்ளிக் காட்டுக்காரங்க தம்பி. ஞாயித்துக்கிழமை என் முன்னாடி உக்கார்றவன் திங்கள்லருந்து சனி வரைக்கும் எங்க நிக்கிறான்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றார். சும்மா சொல்லவில்லை. மரவள்ளியில் மாவுப்பூச்சி விழுந்து இந்தப் பக்கமெல்லாம் காடு காடாக நாசமான சமயம். அந்தப் பூச்சியைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022ல் சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். அதை எனக்கு முதலில் சொன்னது ஐயர்தான். குளவி வேலை செய்யணும்னா கண்டபடி மருந்தடிக்கக் கூடாது என்று சபைக்காரர்களிடம் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

இந்த வாசிப்பு வெறி அவர் பரம்பரைக்கே உண்டு என்று நினைக்கிறேன். 1706ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் பின்னால் வந்தவர்களும் இங்கிருந்து எழுதி அனுப்பிய கடிதங்களும் குறிப்புகளும் ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் 1710 முதல் தொடராக அச்சானது. நம்ம ஊர் மனிதர்கள், நம்ம ஊர் வழக்கங்கள் பற்றி அங்கே காத்திருந்து படித்திருக்கிறார்கள். தமிழில் "அருணோதயம்" என்ற லுத்தரன் பத்திரிகை 1863ல் தொடங்கியது. இன்றைக்கு வரும் பல வார இதழ்களுக்கு அது கொள்ளுத்தாத்தா வயது. எங்கள் பக்கத்தில் 1895ல் கிருஷ்ணகிரியில் (அப்போது சேலம் ஜில்லா, 1965க்கு அப்புறம் தர்மபுரி, 2004ல் தனி மாவட்டம்) வேலையைத் தொடங்கிய மிஷனரி நேத்தர் 1904ல் பிளேக்கில் இறந்துபோனார். இதெல்லாம் பெஞ்சில் காத்திருந்த நேரங்களில் ஐயர் சொல்லி நான் கேட்டுக்கொண்டது.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

போன வருடம் ஒரு மாதம் ஐயர் மஞ்சப்பை இல்லாமல் வந்தார். நான் கவனிக்கவே இல்லை. அடுத்த மாதமும் பை இல்லை. பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நம்பர் கூப்பிட்டதும் உடனே எழுந்து வந்தார். "என்ன ஐயா, இன்னைக்கு சீக்கிரம் வந்துட்டீங்க" என்று சிரித்தேன். "கண்ணாடி பவர் மாறிடுச்சு போல தம்பி, மாத்தணும்" என்றார். மாத்துங்க என்று சொல்லிவிட்டு பிரஷர் பார்த்தேன். மூன்று மாத சர்க்கரை 7.4. அவர் வயதுக்குப் பரவாயில்லை. அதே மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது மாதம் ஐயரம்மா கூட வந்தார். "டாக்டர், தபால்ல வர்ற புத்தகம் ஒண்ணையும் இவரு பிரிக்கிறதே இல்ல. சுத்துன பேப்பரோட அப்படியே மேசைமேல குமிஞ்சு கெடக்கு. கேட்டா அப்புறம் படிக்கிறேங்கிறாரு. நாப்பத்திரெண்டு வருசத்துல இப்படிப் பாத்ததில்ல. மனசு சரியில்லையோன்னு பயமா இருக்கு."

எனக்கும் முதலில் மனச்சோர்வு, ஞாபக மறதி என்றுதான் புத்தி போனது. பிறகு மேஜையில் கிடந்த வார இதழை (அவர் கொடுத்து நான் படிக்காமல் வைத்திருந்ததுதான்) கையில் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னேன். இடது கண்ணால் தலைப்பை மட்டும் படித்தார். வலது கண்ணால் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் தண்ணிக்குள்ள கெடக்குற மாதிரி நெளியுது தம்பி" என்றார்.

ஃபைலைப் புரட்டினேன். எட்டு வருடம். ஒவ்வொரு தடவையும் சர்க்கரை, பிரஷர், வருடா வருடம் கிரியேட்டினின், பாதம் எல்லாம் பார்த்திருக்கிறேன். விழித்திரைப் பரிசோதனை என்ற இடத்தில் "அடுத்த முறை" என்று என் கையெழுத்திலேயே மூன்று இடத்தில் இருக்கிறது. அந்த அடுத்த முறை வரவே இல்லை. அவர் மறுத்ததாக ஒரு இடத்திலும் இல்லை. நான் அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

சேலத்துக்கு அனுப்பினேன். சொட்டு மருந்து விட்டு கண்பாப்பாவை விரித்துப் பார்த்து, ஓசிடி ஸ்கேனும் எடுத்தார்கள். இரண்டு கண்ணிலும் விழித்திரையின் மையத்தில் நீர் கோத்திருந்தது. சர்க்கரையால் சின்ன ரத்தக்குழாய்கள் கசிந்து வருகிற வீக்கம். மையத்தில் வருவதால் நடக்க, சாப்பிட, ஆள் அடையாளம் தெரிய ஆரம்பத்தில் பெரிய சிரமம் இருக்காது. பொடி எழுத்து படிக்கிற பார்வைதான் முதலில் அடிவாங்கும். வலி இருக்காது, கண் சிவக்காது. படிக்கிற பழக்கமே இல்லாதவருக்கு இது இன்னும் எவ்வளவோ தாமதமாகத்தான் தெரிந்திருக்கும்.

மாதம் ஒன்று என்று கண்ணுக்குள் ஊசி. முதல் ஊசிக்கு நானும் கூடப் போனேன், குற்ற உணர்ச்சிதான். அவர் பயப்படவில்லை. வெளியே வந்ததும் "எப்போலருந்து படிக்கலாம்?" என்று கேட்டார். போனில் எழுத்தைப் பெரிசாக்கிப் படிக்கலாமே என்று பேரன் செய்து காட்டியிருக்கிறான். இரண்டு நாளில் விட்டுவிட்டார். பக்கம் எங்கே முடியுதுன்னே தெரியலையாம்.

அந்த மாதங்களில் ஐயரம்மா உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். அதுவரை அந்தப் பத்திரிகைகளை அவர் தொட்டதே இல்லை. "இத்தனை வருசம் இவரு படிச்சதைச் சொல்வாரு, நான் அரிசி களைஞ்சுக்கிட்டே கேப்பேன். இப்போ நான் படிக்கிறேன், இவரு கீரை ஆயுறாரு" என்றார். இதில் இன்னொரு விஷயமும் நடந்தது. அவர் படித்துக்கொண்டே நடுநடுவில் நிறுத்தி, இது தப்பாச்சே, எங்க ஊர்ல இப்படி இல்லையே என்று கட்டுரை எழுதியவரோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டார். ஐயருக்கு அது புதுசு.

ஆறு ஊசிக்குப் பிறகு இடது கண் நல்ல வெளிச்சத்தில் பத்திரிகை எழுத்தைப் படிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. வலது கண்ணில் தலைப்பு மட்டும்தான். அது இனி பெரிதாகத் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். நான் முன்னாலேயே அனுப்பியிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று ஐயர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். டைப் 2 சுகர் என்று தெரிந்த அன்றைக்கே ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை, கண்பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது வேறு, இது வேறு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது, தர்மபுரியிலும் இருக்கிறது. மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், அதனால் பைக் ஓட்டாமல் ஆள் கூட்டிப் போங்க. உங்க டாக்டர் சொல்ல மறந்தால் நீங்களே கேளுங்க. மறக்கிற டாக்டர் உண்டு, எழுதிக்கொண்டிருப்பவரே ஒருவர்.

போன வாரம் ஐயர் வந்தார். மஞ்சப்பையோடு. நம்பர் கூப்பிட்டும் வரவில்லை, பத்தி முடியவில்லையாம். உள்ளே வந்ததும் ஒரு இதழை மேஜையில் வைத்தார். ஓரத்தில் பென்சில் கோடு. அதற்குப் பக்கத்திலேயே நீலப் பேனாவில் ஐயரம்மாவின் கேள்விக்குறி. அட்டையில் இப்போது ஐந்து பேர். ஐயரம்மா முதலில், நான் கடைசியில்.

"போன தடவை குடுத்ததைப் படிச்சீங்களா தம்பி?"

இல்லைங்க ஐயா என்றேன்.