ஆலைமேடு: டென்மார்க் காற்றுக் குறிப்புகள்

டென்மார்க்கில் மலை கிடையாது. நாட்டிலேயே உயரமான இயற்கை நிலம் 171 மீட்டரைக்கூட எட்டவில்லை. அதன் பெயர் முல்லஹோய். பிரித்துச் சொன்னால் ஆலைமேடு. ஒரு காலத்தில் அதன் உச்சியில் காற்றாலை ஒன்று நின்றதால் வந்த பெயர். நாட்டில் சொல்லிக்கொள்ளும்படி நிலக்கரி இல்லை, அணை கட்டும்படி ஆறும் இல்லை. வடகடலிலிருந்து எதிலும் முட்டாமல் வரும் மேல்காற்று உண்டு. இன்று அந்த நாட்டு மின்சாரத்தில் பாதி இந்தக் காற்றிலிருந்து வருகிறது.

*

பௌல் ல கூர் என்ற மனிதரை எவ்வளவு படித்தாலும் அலுக்கவில்லை. வானிலை ஆய்வில் தொடங்கியவர், தந்திக் கருவிகள் கண்டுபிடித்தவர். அவையெல்லாம் இருந்தும் அஸ்கோவ் என்ற கிராமத்துக்குப் போய், உழவர் பிள்ளைகள் படிக்கும் மக்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக உட்கார்ந்துகொண்டார். மின்சாரம் நகரத்துக்கு வந்துகொண்டிருந்த காலம். கிராமம் இருட்டில் கிடந்தால் இளைஞர்கள் ஊரைக் காலி செய்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. 1891-இல் பள்ளிக்குப் பக்கத்திலேயே காற்றாலை கட்டி மின்சாரம் எடுத்தார்.

காற்று நின்றால் என்ன செய்வது? இன்றும் எல்லோரும் கேட்கும் கேள்வி. அவர் அன்றே பதில் தேடினார். காற்று மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜனைத் தொட்டியில் சேர்த்து, அதைக்கொண்டு பள்ளியின் விளக்குகளை எரித்தார். சில முறை வாயு வெடித்து ஜன்னல் கண்ணாடிகள் சிதறின. மறுபடி மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். ‘பசுமை ஹைட்ரஜன்’ என்று இப்போது மாநாடுகளில் பேசப்படுவது, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கெரித்த விஷயம்.

காற்றுச் சுரங்கம் அமைத்து இறக்கைகளைச் சோதித்தார். பல இறக்கைகள் மெல்லச் சுற்றுவதைவிடச் சில இறக்கைகள் வேகமாகச் சுற்றினால் அதிக ஆற்றல் கிடைக்கும் என்று கண்டார். கண்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், 1904 முதல் கிராமத்து இளைஞர்களுக்குக் காற்று மின்சாரப் பயிற்சி நடத்தினார். அவர் செய்ததிலேயே பெரியது இதுதான் என்பேன்.

*

அந்தப் பயிற்சியில் பதின்ம வயதில் உட்கார்ந்திருந்தவர் யொஹான்னஸ் யூல். கற்றது ஐம்பது வருடம் மனதில் கிடந்திருக்கிறது. 1957-இல், எழுபதை நெருங்கும் வயதில், நாட்டின் தென்கோடியில் கெட்ஸர் என்ற இடத்தில் 200 கிலோவாட் காற்றாலையை நிறுத்தினார். மூன்று இறக்கைகள், 24 மீட்டர் விட்டம். இறக்கைகள் திரும்பாமல் பொருத்தப்பட்டவை. காற்று அளவுக்கு மீறினால் இறக்கையின் மேற்பரப்பை விட்டுக் காற்றோட்டமே விலகி, விசை தானாகக் குறையும். அதையும் மீறி ஓட்டமெடுத்தால் இறக்கை நுனிகள் திரும்பி நின்று தடுக்கும். சுற்றும் வேகத்தைக் கட்டுப்படுத்தத் தனிக் கருவி இல்லை. கிரிட்டோடு சேர்ந்த ஜெனரேட்டரே அதைப் பிடித்துவைக்கும். பெரிய பழுதில்லாமல் 1967 வரை ஓடியது. எண்ணெய் மலிவான காலம் என்பதால் அதற்குப் பிறகு நிறுத்திப் போட்டார்கள். பத்து வருடம் கழித்து அமெரிக்காவின் நாசா கேட்டுக்கொண்டதால் அதே ஆலையைத் துடைத்து எழுப்பி அளவெடுத்தார்கள்.

இதற்குப் பக்கத்தில் ஜெர்மனியின் குரோவியனை வைத்துப் பார்க்கிறேன். 1983-இல் வந்தது. 3 மெகாவாட், 100 மீட்டர் விட்டம், தேர்ந்த பொறியாளர்கள், அரசுப் பணம். 1987-க்குள் மொத்தமே சுமார் 420 மணி நேரம்தான் ஓடியது. அந்தப் பொறியாளர்களுக்குத் திறமை குறைவில்லை. சின்னதாகச் செய்து, உடைந்து, திருத்தி வளர அவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

*

1973. எண்ணெய் நெருக்கடி. எரிபொருள் தேவையில் ஏறக்குறைய முழுவதையும் இறக்குமதி எண்ணெயால் நிரப்பிய நாடு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. அரசும் மின் நிறுவனங்களும் அணு உலைதான் வழி என்றன. மக்களில் பலர் வேண்டாம் என்றார்கள். சிரிக்கும் சூரியனைச் சுற்றி ‘அணுசக்தியா? வேண்டாம், நன்றி’ என்று எழுதிய, இன்று உலகமே அறிந்த சின்னம் 1975-இல் அங்கேதான் பிறந்தது. 1985-இல் நாடாளுமன்றம் அணுமின்சாரத்தைத் திட்டத்திலிருந்தே நீக்கியது.

வேண்டாம் என்றவர்கள் அதோடு நிற்கவில்லை. உல்ஃபோர்க் அருகே ட்விண்ட் பள்ளிகளின் ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்தைச் சேர்த்துப் போட்டு, மாணவர்களும் வந்துபோன தொண்டர்களுமாக, 1975-இல் தொடங்கி 1978-இல் ஒரு காற்றாலையை முடித்தார்கள். 54 மீட்டர் விட்டம், 2 மெகாவாட். அன்று உலகத்திலேயே பெரியது. இறக்கைகளைக் கண்ணாடியிழையில் தாங்களே வார்த்தார்கள். அது இன்னும் சுற்றுகிறது.

*

கிறிஸ்டியன் ரீஸாகர் ஒரு தச்சர். கெட்ஸர் ஆலையைச் சிறிதாக்கி 22 கிலோவாட்டில் செய்தார். ஜெனரேட்டருக்கு மின்மோட்டார், பற்சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் கார் பாகங்கள். ஓடியது. பார்த்தவர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். கார்ல் எரிக் யோர்கன்சன் என்ற கொல்லரும், ஹென்ரிக் ஸ்டீஸ்டால் என்ற இளைஞரும் சேர்ந்து செய்த வடிவத்தை வெஸ்டாஸ் உரிமம் வாங்கி 1979-இல் விற்கத் தொடங்கியது. வெஸ்டாஸின் வேரும் லெம் என்ற ஊரில் 1898-இல் தொடங்கிய ஒரு கொல்லுப்பட்டறைதான். காற்றாலைக்கு முன்னால் பால் குளிரூட்டிகளும் கிரேன்களும் செய்தவர்கள். கலப்பையும் வண்டியும் பழுதுபார்த்த கைகளுக்குக் கனமும் உறுதியும் தெரியும். இந்தத் தொழிலின் அடித்தளம் அங்கே இருக்கிறது என்பது என் துணிபு.

அரசு செய்த நல்ல காரியம் ஒன்றைக் குறிக்க வேண்டும். 1979-இலிருந்து காற்றாலை வாங்குவோருக்கு விலையில் 30% மானியம். ஆனால் ரீஸோ சோதனை நிலையத்தின் ஒப்புதல் பெற்ற வடிவத்துக்கு மட்டும். மானியமும் தரமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன.

*

இனி நான் மெய்யாகவே எழுத நினைத்தது. ஆலை யாருடையது?

ஓர் ஊரில் பத்து இருபது குடும்பங்கள் சேர்ந்து சங்கம் வைத்து ஒரு காற்றாலை வாங்கும். வருடத்துக்கு 1,000 யூனிட் உற்பத்தி ஒரு பங்கு. ஆரம்பத்தில் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்தான் பங்கு வாங்கலாம். அதுவும் வீட்டுத் தேவையை ஒட்டிய அளவுக்கு. இறக்கைச் சத்தத்தைக் கேட்பவரே அதன் வருமானத்தையும் பெறுவார். அந்த நாட்டுக்கு இது புதிதில்லை. 1882-இலேயே கூட்டுறவுப் பால்பண்ணை தொடங்கியவர்கள். பாலுக்குச் செய்த கணக்கைக் காற்றுக்கும் செய்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் காற்றாலைப் பங்கு இருந்தது.

காற்றாலை உரிமையாளர்களுக்கான பொதுச் சங்கம் 1978-இல் உருவானது. எந்த ஆலை எவ்வளவு உற்பத்தி செய்தது, எந்த மாடல் எங்கே பழுதானது என்று மாதந்தோறும் பத்திரிகையில் அச்சிட்டார்கள். கம்பெனி எதையும் மறைக்க முடியாது. மோசமான இயந்திரம் அடுத்த மாதமே அம்பலமாகும். நல்ல இயந்திரம் பிறந்ததற்கு இந்த வெளிப்படைத்தன்மை முக்கியக் காரணம்.

*

1990-ஐ ஒட்டி டென்மார்க் அரசின் உதவியோடு நம் கயத்தாற்றிலும் காற்றாலைகள் எழுந்தன. முப்பந்தலில் நின்றவற்றில் பலவும் டேனிஷ் வடிவங்களே. இயந்திரம் வந்தது, பங்கு முறை வரவில்லை. இங்கே பெரும்பாலும் நூற்பாலைகளும் கம்பெனிகளும், முதல் வருடமே தேய்மானம் கழித்துக்கொள்ளும் வரிச் சலுகைக்காக முதல் போட்டன. முப்பந்தலை அடுத்த ஆரல்வாய்மொழியின் காற்றில் ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கு ஏன் பங்கில்லை என்று நாம் கேட்டிருக்க வேண்டும். இப்போதும் கேட்கலாம்.

*

1991: லோலண்ட் தீவை ஒட்டி விண்டபி. உலகின் முதல் கடற்காற்றாலைத் தொகுதி. 11 ஆலைகள், மொத்தமே 5 மெகாவாட். 2017-இல் வயதாகிப் பிரித்தெடுத்தார்கள்.

2000: கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு எதிரே மிடில்குருண்டன், 40 மெகாவாட். முதல் திட்டம் மூன்று வரிசையில் 27 ஆலைகள். மக்கள் கருத்துக்குப் பின் ஒரே வளைவில் 20 ஆயின. பாதி, 8,500-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் கூட்டுறவுக்கு.

*

காற்று நின்ற நாளில்? வடக்கே நார்வேக்குக் கடலடிக் கம்பி 1970-களிலிருந்தே இருக்கிறது. டென்மார்க்கில் காற்றடிக்கும்போது மின்சாரம் வடக்கே போகும். நார்வே அணைகள் மதகைச் சுருக்கித் தண்ணீரைச் சேமிக்கும். காற்று ஓய்ந்தால் அந்தத் தண்ணீர் மின்சாரமாகித் திரும்பும். அண்டை வீட்டில் அரிசி வைத்துவிட்டு வேண்டும்போது வாங்கிக்கொள்வது போல. ஊர்களுக்குக் குழாயில் வெந்நீர் அனுப்பும் நிலையங்களும் மிஞ்சிய மின்சாரத்தில் தண்ணீரைக் காய்ச்சி வைக்கின்றன.

*

ஆலைகள் 150 மீட்டரைத் தாண்டி உயர்ந்தன, விலை ஏறியது, பெரிய முதலீட்டாளர் வந்தார்கள். கூடவே எதிர்ப்பும் வந்தது. 2009-இல், புதிய ஆலையில் 20% பங்கை அருகில் வசிப்பவர்களுக்கு முன்வைக்கச் சட்டம் வந்தது. கையை விட்டுப் போனதைச் சட்டத்தால் இழுத்துப் பிடிக்கப் பார்த்தார்கள். 2024 டிசம்பரில் வடகடலில் 3,000 மெகாவாட்டுக்கு அரசு ஏலம் விட்டது. அந்தப் பெரிய முதலீட்டாளர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

*

சாம்ஸோ. 4,000-க்கும் குறைவானவர்கள் வாழும் தீவு. 1997-இல் நாட்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் தீவாகத் தேர்வானது. ஸோரன் ஹெர்மன்சன் என்ற உள்ளூர் ஆசிரியர் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். பத்து வருடத்துக்குள் நிலத்தில் 11 ஆலைகள், கடலில் 10. நிலத்து ஆலைகளில் ஒன்பது உழவர்களுடையவை, இரண்டு கூட்டுறவுகளுடையவை. கடலில் நிற்பவற்றில் ஐந்தை நகராட்சியே வாங்கியது.