செடி வைக்கிறதுக்கு முன்னாடி தண்ணிக்கு வழி பார்ப்போம்



மண்டபத்துக்குப் பின்னால இருந்த பூச்செடிகளை ஏன் எடுத்தீங்கன்னு பல பேர் கேட்கிறீங்க. சில பேருக்கு மனவருத்தமும் இருக்கு. அதனால விவரமா எழுதுறேன்.

நம்ம கோயில் சரிவான இடத்துல இருக்கு. மண்டபத்துக்குக் கீழ உள்ள ஸ்டோர் ரூமோட பின்சுவர் பாதிக்கு மேல மண்ணுக்குள்ளதான் இருக்கு. சாமியோட மர வாகனங்கள், பட்டு வஸ்திரம், அன்னதான அரிசி எல்லாம் அங்கதான் வைக்கிறோம். போன மழைக்காலத்துல அந்தச் சுவர்ல உப்பு பூத்து, மயில் வாகனத்தோட அடிப்பலகையில பூஞ்சணம் பிடிச்சிடுச்சு.

உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சிடலாம்னு கமிட்டியில பேச்சு வந்தது. கொஞ்சம் பொறுங்கன்னு சொன்னேன். ஃபேக்டரியில மெஷின் எண்ணெய் ஒழுகினா தரையைத் துடைச்சா மட்டும் போதாது. எங்கேருந்து ஒழுகுதுன்னு பார்க்கணும்.

ஒரு சின்னச் சோதனை செஞ்சோம். சுவர்ல ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினோம். தாளோட வெளிப்பக்கம் நனைஞ்சா அது ரூம் காத்துல உள்ள ஈரம். சுவர்ப் பக்கம் நனைஞ்சா வெளியிலிருந்து ஊறுதுன்னு அர்த்தம். ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தோம், சுவர்ப் பக்கம்தான் ஈரம்.

வெளியில போய்ப் பார்த்ததும் காரணம் புரிஞ்சது. சுவரை ஒட்டியே செங்கல் அடுக்கி, மண் கொட்டி, வாழையும் செம்பருத்தியும் வச்சிருந்தாங்க. மண் சுவரைப் பார்த்துச் சாய்ஞ்சிருந்தது. கூரைத் தண்ணிக் குழாயும் அங்கேயே முடியுது. 1,000 சதுர அடி கூரையில 50 மில்லிமீட்டர் மழை பெய்ஞ்சா 4,600 லிட்டருக்கு மேல தண்ணி வரும். அவ்வளவும் சுவர் ஓரத்துலயே இறங்கினா என்ன ஆகும்?

கோத்தோங் ரோயோங் அன்னைக்கு ஒரு அக்கா கண் கலங்கிட்டாங்க. "தம்பி, இந்தச் செம்பருத்தி எங்கம்மா நினைவா வச்சது. பிடுங்கப் போறீங்களா?"ன்னாங்க. "இல்லைக்கா, இடம்தான் மாத்துறோம்"னு சொல்லி, வேர் மண்ணு உதிராம எடுத்து வேலி ஓரம் நட்டோம். இப்ப துளிர் விட்டிருக்கு. அக்காதான் தினமும் தண்ணி ஊத்துறாங்க.

சுவர் ஓர மண்ணை இறுக்கி, 10 அடிக்கு 6 அங்குலம் வெளிப்பக்கமா இறங்குற மாதிரி செஞ்சோம். மேட்டுலேருந்து வர்ற தண்ணியைத் திருப்பிவிட ஒரு ஆழமில்லாத வாய்க்கால் வெட்டினோம். கூரைக் குழாயை லோங்காங் வரைக்கும் நீட்டினோம். சுவர் முழுசா காய இன்னும் சில மாசம் ஆகும். அதுவரைக்கும் பெயிண்ட் வேண்டாம்.

கருவறையிலேயே அபிஷேகத் தண்ணி வெளிய போக கோமுகி வச்சுக் கட்டினவங்க நம்ம பெரியவங்க. அந்த யோசனை தோட்டத்துக்கும் வேணும்.

ஒரு வேண்டுகோள். செடி கொடுக்க நினைக்கிறவங்க முதல்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, இடம் காட்டுறோம். துளசியைத் தொட்டியில வைக்கலாம். வாழைக்கு வேலிப் பக்கம் நிறைய இடம் இருக்கு. வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு வாய்க்கால் சுத்தம் செய்யுறோம். இலை அடைச்சுத் தண்ணி தேங்கினா ஏடிஸ் கொசு வந்துடும். மண்வெட்டி இருக்கிறவங்க கொண்டு வாங்க. பசியாற இட்லி தயாரா இருக்கும்.